மூன்றில் ஒருவர்

இங்கிலாந்தின் வடக்கே, ஸ்கார்பெக் ஊரில் யாராவது ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்று வாயெடுத்தால் சந்தைச் சதுக்கத்துப் புறாக்கள்கூட இடத்தைக் காலி செய்துவிடும். நோரீன் வந்துவிடுவாள் என்று அவற்றுக்கும் தெரியும்.

நோரீனுக்கு எழுபத்து நான்கு வயது. ஆள் குள்ளம்தான். ஆனால் கேள்வி கேட்க எழுந்து நின்றால் அந்த ஊரில் தேவாலயக் கோபுரத்துக்கு அடுத்த உயரம் அவள்தான். கேஸ் கம்பெனியில் புகார் வாங்கும் மேசையில் காலத்தைக் கழித்தவள். யார்க்‌ஷரில் எரியாத அடுப்பு, அணையாத அடுப்பு, அடுப்பே இல்லாத வீட்டுக்குப் போன பில், எல்லாவற்றுக்கும் அவள் காதுதான் கிடைத்தது. ஓய்வு பெற்ற மறுநாளே, இத்தனை காலம் வாங்கியதையெல்லாம் நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டாள்.

சந்தை நாட்களில் மீன் கடைக்கும் சீஸ் கடைக்கும் நடுவே ஒரு மடக்கு மேசை போட்டு, ‘யார் சொன்னது?’ என்று பலகை மாட்டி உட்கார்ந்தாள். மேசைமேல் தபால் அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: ‘நீங்கள் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆதாரத்தை அனுப்பி வைக்கவும்.’ ஊர்க்காரர்கள் வந்து, பத்திரிகையிலோ டிவியிலோ பஸ்ஸின் முதுகிலோ பார்த்த வீரப் பேச்சைச் சொல்வார்கள். அட்டை கிளம்பிவிடும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த அட்டைகள் செய்த அட்டகாசம் கொஞ்சமல்ல. ‘யார்க்‌ஷரின் மனம் கவர்ந்த ரொட்டி’ என்று விளம்பரம் செய்த பேக்கரிக்காரன், அந்த மனம் தன் அம்மாவுடையது என்று ஒத்துக்கொண்டு பலகையைக் கழற்றினான். எங்கள் ஆட்சியில் முள்ளெலிகள் இரண்டு மடங்காகிவிட்டன என்று மேடையில் முழங்கிய எம்.பி., முன்பு தன் தோட்டத்தில் ஒன்று வந்துகொண்டிருந்ததாகவும் இப்போது இரண்டு வருவதாகவும் பதில் எழுதினார். லண்டனில் ஓர் அமைச்சகம் ஸ்கார்பெக் தபால் முத்திரையைப் பார்த்தாலே ஜன்னல்களைச் சாத்திக்கொள்கிறது என்று பேச்சு. நோரீன் அதை நம்பினாள். அதற்கு மட்டும் அவள் ஆதாரம் கேட்கவில்லை.

மேசையில் அவளோடு இரண்டு பேர். ஒருத்தி மேவிஸ், பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள், நோரீனின் உயிர்த்தோழி. அட்டைகளை எழுதுவதும் தபாலில் சேர்ப்பதும் அவள் பொறுப்பு. நோரீனின் கையெழுத்தைப் பார்த்தால் கோழி பனியில் நடந்துபோனது போல இருக்கும். மேவிஸ் எழுதினாலோ வசவுகூடக் கல்யாணப் பத்திரிகை மாதிரி வந்து நிற்கும். இன்னொருவர் க்ளைவ், கசாப்புக் கடை வைத்திருந்தவர். ஸ்டாம்பு ஒட்டுவார், இஞ்சி கேக் கொண்டுவருவார், பிறந்த குழந்தையிலிருந்து பிஷப் வரை எல்லாரையும் ‘கண்ணு’ என்பார்.

மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. மேவிஸ் போட்ட சட்டம்.

"ஊர்ல யாரை வேணா கேப்போம். ராஜாவையும் கேப்போம். ஆனா இந்த மூணு பேருக்குள்ள கேள்வி கிடையாது" என்றாள் முதல் நாளே. "எங்கேயாவது ஒரு இடத்துல மனுஷி சும்மா நம்பிக்கிட்டு டீ குடிக்கணும்டி."

நோரீனுக்கு அது பிடித்துப்போயிற்று. நாள் முழுக்கச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தவள் வீட்டுக்கு வந்து கழற்றுகிற சுகம் அதில் இருந்தது.

மூவரும் நீந்துகிறவர்கள். ஆற்றோரம் இருக்கிற திறந்தவெளிக் குளம், அந்தக் காலத்தில் மில் முதலாளி ஒருவர் கட்டிக்கொடுத்தது. வெந்நீர் என்ற பேச்சே கிடையாது. ஜனவரியில் அந்தத் தண்ணீருக்குள் காலை வைத்தால் கால் நம்முடையதா என்று விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விடியற்காலையில் காவலாளி கிடையாது. சாவி நீந்துகிறவர்களிடம். தனியாக யாரும் இறங்கக்கூடாது என்பது மட்டும் விதி. எழுபதைத் தாண்டியவர்கள் அந்த நேரத்தில் இந்த மூவர்தான். மற்றவர்களெல்லாம் அறுபது, அறுபத்தைந்து என்று இருக்கிற பொடிசுகள்.

நோரீனுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நாள். மீதி எல்லாம் அதற்கு முன்னும் பின்னும் கட்டிய தாழ்வாரம். கம்பளித் தொப்பியைத் தலையில் மாட்டி, வலையில் விழுந்த கடல்நாய் மாதிரி சீறிக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவாள். தண்ணீருக்குள் அவளுக்கு முழங்கால் கிடையாது, இடுப்பு கிடையாது, வயது கிடையாது.

ஒரு நவம்பர் காலை உண்டு. அதைப் பற்றி நோரீன் நினைப்பதே இல்லை, ஆகவே நாமும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நடுக்குளத்தில் யாரோ விளக்கை அணைத்தது போல இருந்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது கரையில் கிடந்தாள். மேவிஸ் மண்டியிட்டு அவள் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தாள். மேவிஸின் உதடு நீலமாக இருந்தது. க்ளைவ் உடை மாற்றும் அறையில் தேவாலயப் பாட்டை உரக்கப் பாடியபடி டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

"இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றாள் நோரீன், மூக்கிலிருந்து தண்ணீர் வழிய.

"டாக்டர்கிட்ட போவேன்னு நீ சத்தியம் பண்ணு."

"முதல்ல நீ."

மேவிஸ் சத்தியம் செய்தாள். நோரீன் டீ குடிக்கப் போய்விட்டாள். விஷயம் அவ்வளவுதான்.

மார்ச் மாதம் நகரசபையின் இலவசப் பத்திரிகை கதவுத் துளை வழியாக வந்து விழுந்தது. முதல் பக்கத்தில் கவுன்சிலர் ட்ரெவர் பிம். வீடு விற்கும் தரகர், சிரிப்பை விசிட்டிங் கார்டு மாதிரி நீட்டுகிறவர். அவர் எழுதியிருந்தார்: எழுபது வயதைத் தாண்டிக் குளிர்ந்த நீரில் நீந்துகிறவர்களில் மூன்றில் ஒருவர் நீருக்குள்ளேயே மயங்கியிருப்பதாக நம்பகமான ஆய்வு காட்டுகிறது. ஆகவே விடியற்கால நீச்சலுக்கு எழுபதைத் தாண்டியவர்களை இனி அனுமதிப்பதில்லை என்ற தீர்மானத்தை நகரசபையில் கொண்டுவரப் போகிறேன்.

நோரீன் அதை நின்றுகொண்டு ஒருமுறை படித்தாள், உட்கார்ந்து ஒருமுறை படித்தாள். பிறகு அவள் முகத்தில் பரவிய மகிழ்ச்சியைப் பார்த்திருந்தால், அவளுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"மூணுல ஒருத்தராம்!" மேசையில் பத்திரிகையை அறைந்தாள். "மூணுல ஒருத்தர் மயங்கினா இங்கிலாந்துக் குளம் பூராவும் பாட்டிங்க இல்ல மிதந்துக்கிட்டிருக்கணும்? எந்த ஆய்வு? எந்த ஊர்ல? எத்தனை பேரைக் கேட்டான்? மேவிஸ், அட்டையை எடு. நல்லா அழுத்தி எழுது. பிம் இனிமே பத்திரிகையைப் பார்த்தாலே தெருவைத் தாண்டிப் போகணும்."

மேவிஸ் அட்டையை எடுத்தாள். "ஒருவேளை... நமக்கு நல்லதுக்காகவும் இருக்கலாமேடி" என்றாள்.

"எது?"

"வயசாயிடுச்சு. தண்ணி ஜில்லுன்னு இருக்கு. அவ்வளவுதான் சொல்றேன்."

"உனக்கு என்னடி ஆச்சு இன்னைக்கு? க்ளைவ், இவளுக்குக் கேக் கொடு, சர்க்கரை குறைஞ்சுபோச்சு."

மேவிஸ் எழுதினாள். வழக்கமான அழகு அன்று எழுத்தில் இல்லை, வரி ஒரு பக்கமாகச் சரிந்தது. குளிர் என்று நோரீன் நினைத்துக்கொண்டாள். நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

பதில் வரவில்லை. அடுத்த சந்தையிலும் வரவில்லை, அதற்கடுத்த சந்தையிலும் இல்லை. நோரீனுக்கோ நாளுக்கு நாள் குதூகலம் ஏறியது. பதில் இல்லை என்றால் ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லை என்றால் பிம் கதை முடிந்தது. மீன் கடைக்காரரிடம் சொன்னாள், பஸ் டிரைவரிடம் சொன்னாள், அஞ்சலிக் கூட்டம் ஒன்றில் செத்தவரைப் பற்றிப் பேச எழுந்து அதையும் சொன்னாள். நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி நேரம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

"போகாதேடி" என்றாள் மேவிஸ். கூட்டத்தன்று காலை, குளக்கரையில், துண்டைத் தலையில் சுற்றியபடி.

"ஏன்?"

"சொல்றேன்ல. போகாதே. இந்த ஒரு தடவை விட்டுடு."

நோரீன் அவளைப் பார்த்தாள். கேட்டிருக்கலாம். ஊரில் வேறு யார் ‘விட்டுடு’ என்று சொல்லியிருந்தாலும், எதை, ஏன், யாருக்காக என்று மூன்று கேள்வி அந்த நிமிஷமே கிளம்பியிருக்கும். ஆனால் இது மேவிஸ். மேசைச் சட்டம் இருக்கிறதே.

"நீ என் பக்கத்துல உக்காரு, போதும்" என்றாள்.

அன்று மண்டபம் நிரம்பிவிட்டது. நோரீன் பேசப்போகிறாள் என்றால் ஸ்கார்பெக்கில் கிரிக்கெட்டைக்கூட ஒத்திப்போட்டுவிடுவார்கள். சுவரோரம் நின்றார்கள், ஜன்னல் திண்டில் உட்கார்ந்தார்கள், பிஸ்கட் தட்டு முதல் வரிசையைத் தாண்டவே இல்லை. மேவிஸ் நோரீனுக்கு இடப்பக்கம், க்ளைவ் வலப்பக்கம், நல்ல கோட்டு போட்டுக்கொண்டு.

நோரீன் எழுந்தாள். மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"கவுன்சிலர் பிம். மூணுல ஒருத்தர் மயங்கினாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஆதாரம் கேட்டு உங்களுக்கு அட்டை போட்டோம். வாயைத் திறக்கலை. இப்ப ஊர் முன்னாடி கேக்குறேன். யார் சொன்னது?"

கூட்டத்தில் ஒரு கனைப்பு ஓடியது. பிம் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் பயத்தைக் காணோம். குழப்பம்தான் இருந்தது.

"அட்டையா? எனக்கு எந்த அட்டையும் வரலையே, மேடம்."

"அடேங்கப்பா! தபால்காரர் மேல பழியா?" என்றாள் நோரீன். சிரிப்பு.

"நிஜமா வரலை. வந்திருந்தா சந்தோஷமா பதில் எழுதியிருப்பேன். ஏன்னா..." பிம் கையை விரித்தார். "அந்த ஆய்வே உங்களோடதுதானே?"

"என்னது?"

"உங்க ‘யார் சொன்னது?’ மேசையோடது. உங்க ஆளுங்களே எண்ணிப் பார்த்ததுன்னு சொன்னாங்க. உங்ககிட்டருந்து வந்த கணக்குன்னா அதுக்கு மேல நான் என்னத்தை விசாரிக்கிறது? இந்த நாட்டுலயே நம்பகமான இடமில்லையா அது? தேவாலயத்து விருந்துல உங்க ஃப்ரெண்ட் மேவிஸ் அம்மாதான் என்கிட்ட சொன்னாங்க. எழுதிக்கலாமான்னு கேட்டேன். தாராளமா எழுதிக்கோங்கன்னாங்க."

மண்டபத்தில் சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தக் கடிகாரம் பல வருஷமாக ஓடுவதே இல்லை. இருந்தாலும் கேட்டது.

நோரீன் இடப்பக்கம் திரும்பினாள். மேவிஸ் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். அவள் மறுத்துவிடுவாள் என்று நோரீன் காத்திருந்தாள். ‘பிம், பொய் சொல்லாதே’ என்று எழுந்திருப்பாள், டீச்சர் குரலில் அவரை மூலையில் நிற்கவைப்பாள் என்று காத்திருந்தாள். கொக்கி இன்னொரு முறை மூடியது.

நோரீனின் மனது அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் வாய் பழகிய வாய், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எத்தனை பேரைக் கேட்டே, மேவிஸ்?"

மேவிஸ் தலை நிமிரவில்லை. "மூணு பேர்."

பிறகு பின்வரிசையில் ஒருவர் வெடித்தார். சிரிப்பு அலையாக முன்னால் வந்தது. மூன்று பேரில் ஒருவர்! ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்தவர் வெளிப்பக்கமாக விழப் பார்த்தார். முள்ளெலி, முள்ளெலி என்று யாரோ கத்தினார்கள். பிம்மின் காது நுனி சிவந்து, அந்தச் சிவப்பு காலருக்குள் இறங்கியது. தீர்மானம் அங்கேயே செத்துவிட்டது. தண்ணீரும் சாவியும் விடியற்காலையும் காப்பாற்றப்பட்டுவிட்டன. நோரீன் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆனால் பிம் வீடு விற்கிறவர். இடிந்த சுவருக்குப் பின்னாலும் ஒரு சாளரம் இருக்கிறது என்பார்.

"சரி, மூணு பேர்தான்" என்றார். "ஆனா அந்த மூணுல ஒருத்தர் நிஜமாவே மயங்கியிருக்கார் இல்லையா? யாரு அது?"

சிரிப்பு நின்றது. எழுபதைத் தாண்டிய மூன்று பேர் யார் என்று ஊருக்கே தெரியும். அந்த மூவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அதைச் சொல்ல மாட்டேன்" என்றாள் மேவிஸ், மெதுவாக. "சத்தியம் பண்ணியிருக்கேன்."

அப்போது வலப்பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. க்ளைவ் எழுந்து நின்றார். நெஞ்சை நிமிர்த்தி, தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி.

"அது நான்தான் கண்ணு" என்றார் பிம்மிடம். "நான்தான் மயங்குனேன்."

பாவம் க்ளைவ். இரண்டு பெண்களில் யாரோ ஒருத்தி என்பது மட்டும்தான் அவருக்குப் புரிந்திருந்தது. யாராக இருந்தாலும் தன் தலையில் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார். ஊர் அவரை அன்போடு பார்த்தது. எல்லாம் சுபமாக முடிந்திருக்கும்.

நோரீனால் முடியவில்லை. ஒரு பொய் கண்ணெதிரே தொப்பியோடு நிற்கிறது. அவள் உடம்பு முழுக்க அரித்தது.

"எப்ப, க்ளைவ்?"

"ம்? அது... போன... குளிர்ல."

"எந்தப் பக்கம்? ஆழமான பக்கமா, ஆழமில்லாத பக்கமா?"

"நோரீன் கண்ணு, உக்காரு" என்றார் க்ளைவ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உன்னை யார் தூக்குனா?"

க்ளைவ் மேவிஸைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "நானே... நானே வந்துட்டேன்."

"மயங்கிக்கிட்டே நீந்தி வந்தியா?" என்றாள் நோரீன். யாரும் சிரிக்கவில்லை. அவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். "க்ளைவ் பொய் சொல்றார். அது நான். நவம்பர்ல. நடுக்குளத்துல."

அவள் எதிர்பார்த்தது ஒரு கூச்சல். வசவு என்றால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். வந்தது வேறு. நகரசபைத் தலைவர் குரலைத் தாழ்த்தி, "உக்காருங்கம்மா. யாராவது அவங்களுக்குத் தண்ணி கொடுங்க" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்துவந்து, தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி நோரீனின் தோளில் போர்த்திவிட்டாள். தட்டிக்கொடுத்தாள் வேறு. பிஸ்கட் தட்டு ஒவ்வொரு கையாகத் தாண்டி, அந்த மண்டபத்தின் சரித்திரத்தில் முதல் தடவையாக, அவளைத் தேடி வந்தது.

லண்டன் அமைச்சகத்தின் ஜன்னல்களைச் சாத்தவைத்தவளுக்குப் பிஸ்கட் கொடுத்தார்கள்.

தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பிம் அறிவித்தார். கைதட்டினார்கள். நோரீன் அதைக் கேட்கவில்லை.

வெளியே படிக்கட்டில் மேவிஸ் அவளைப் பிடித்தாள்.

"நில்லுடி."

"யார் நீங்க?"

"நோரீன்..." என்று மேவிஸ் கையை நீட்டினாள்.

"எத்தனை தடவை என் வீட்டுல சாப்பிட்டிருக்கே? என் புருஷன் செத்தப்ப யார்டி என் கூடப் படுத்துக்கிட்டது? நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல!"

"சொன்னேன்! டிசம்பர்ல சொன்னேன். கிறிஸ்மஸ் அன்னைக்குச் சொன்னேன். டாக்டர்கிட்ட போடின்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீ என்ன சொன்னே? ‘ஒரு தடவை நடந்ததை வெச்சு எதையும் சொல்ல முடியாது, மேவிஸ். இன்னொரு தடவை நடக்கட்டும்’னே." மேவிஸ் ஒரு படி நெருங்கினாள். "நீ செத்துப்போனாத்தான் ஆதாரமாடி உனக்கு? தினம் காலையில உன் தொப்பியைத்தான் பார்த்துக்கிட்டே நீந்துறேன். நான் நிஜமா நீந்தி எத்தனை நாளாச்சு தெரியுமா? உன் பேரைச் சொல்லக்கூடாது, சத்தியம். அதான் மூணுல ஒருத்தர்னேன். பொய் இல்லை அது."

"பொய் இல்லை" என்றாள் நோரீன். "முள்ளெலியும் பொய் இல்லை. நம்ம பேர்ல சொன்னே பாரு. நம்ம மேசையோட பேர்ல. ஏன்? அந்தப் பேரைச் சொன்னா ஒரு பய கேள்வி கேக்க மாட்டான்னு உனக்குத் தெரியும். நான் சேர்த்துவெச்ச பேருடி அது. அதை எடுத்து என்னையே அடிச்சே."

மேவிஸ் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அதைக்கூட விட்டுத்தள்ளு. பயந்துட்டே, உளறிட்டே. அட்டை எங்கே?"

மேவிஸ் கைப்பையைத் திறந்தாள். உள்ளே, கைக்குட்டைக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவே, அட்டை இருந்தது. க்ளைவ் ஒட்டிய ஸ்டாம்போடு.

"நான் உன்னைக் கேள்வி கேட்டதே இல்லை" என்றாள் நோரீன். "உலகத்துல ஒரே ஒருத்தியை."

போர்த்தியிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றிப் படிக்கட்டுக் கம்பியில் மாட்டிவிட்டு நடந்தாள். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. அவள் வேகத்துக்கு அன்று பஸ் ஈடுகொடுத்திருக்காது.

சில நாள் குளத்துக்குப் போகவில்லை. மேசையும் போடவில்லை. மீன் கடைக்கும் சீஸ் கடைக்கும் நடுவே காலியாகக் கிடந்த இடத்தை ஆட்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். பேக்கரிக்காரன் பழைய பலகையைத் தூசி தட்டியதாகவும் பேச்சு. க்ளைவ் இஞ்சி கேக்கோடு வந்து வாசலில் நின்றார்.

"என்மேலயும் கோவமா கண்ணு? நானும்தான் பொய் சொன்னேன்."

"உன் பொய்யை ஒரு குழந்தைகூட நம்பலை, க்ளைவ். அதுல ஒரு நேர்மை இருக்கு. உள்ளே வா."

க்ளைவ் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "அவ சாப்பிடுறதில்லையாம்."

"யார் சொன்னது?"

க்ளைவ் கரண்டியைக் கீழே வைத்தார். "நவம்பர்ல நான் பாடிக்கிட்டிருந்தேன் இல்ல?" என்றார். "நீ அங்கே கிடக்க, நான் பாடிக்கிட்டிருந்திருக்கேன். சொல்லியிருந்தா பாட்டை நிறுத்தியிருப்பேன்ல கண்ணு."

நோரீன் கத்தியை எடுத்தாள். கேக்கை வெட்டினாள்.

அவர் போன பிறகு, மேசைப் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். தன் கோழிக்கால் எழுத்திலேயே எழுதினாள். ‘நீங்கள் என் தோழி என்று பல காலமாகப் பலர் முன்னிலையில் சொல்லி வந்திருக்கிறீர்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆதாரத்தை அனுப்பி வைக்கவும்.’ மேவிஸின் விலாசத்தை எழுதினாள். தானே நடந்துபோய்ச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டாள். உள்ளே விழுகிற சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் குளத்துக்குப் போனாள். பனிமூட்டம். பொடிசுகள் யாரும் வந்திருக்கவில்லை. தனியாக இறங்கக்கூடாது என்ற விதியை நினைத்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், கம்பளித் தொப்பியோடு.

வாயில் கதவு திறந்தது. மேவிஸ். நீச்சலுடை இல்லை, நீளக் கோட்டு, கழுத்து வரை பொத்தான். சுவரில் தொங்கிய நீளக் கழியை, முழுகுகிறவர்களை இழுக்க வைத்திருக்கிற அந்தக் கொக்கிக் கழியை, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அட்டை வந்துச்சு" என்றாள்.

"பதில் தபால்ல வரணும்."

"தபால்ல போட்டேன்னு சொன்னா நீ நம்புவியா?"

நோரீன் தண்ணீரைப் பார்த்தாள். "நம்ப மாட்டேன்."

"அதான் நேர்ல வந்தேன். டாக்டர்கிட்ட நேரம் கேட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை. உன் பேர்ல."

"உன்னை யார் கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலை."

"ஒரு நாள் கழியைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா அது ஆதாரம் ஆகாது. ஒரு தடவை நடந்ததை வெச்சு எதையும் சொல்ல முடியாது."

"தெரியும்" என்றாள் மேவிஸ். "நாளைக்கும் வருவேன்."

நோரீன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்கு ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீருக்குள் இறங்கினாள். ஆழமான பக்கத்தில் இல்லை, இந்தப் பக்கத்தில், இடுப்பளவு நீரில், முன்பெல்லாம் அங்கே நிற்பவர்களை முக்கியெடுத்த டீ பைகள் என்று கிண்டல் செய்வாளே, அந்த இடத்தில். குறுக்காக நீந்த ஆரம்பித்தாள். கரையோரமாகக் கழியோடு மேவிஸ் கூடவே நடந்தாள். அவள் காலணிச் சத்தம் கல்லில் கேட்டுக்கொண்டே வந்தது. அதை அடுத்த மாவட்டத்தில் கேட்டிருப்பார்கள்.

எத்தனையோ வருஷமாக நோரீன் அந்தக் குளத்தில் நீந்தியிருக்கிறாள். ஒரு நாளும் கரையைப் பார்த்ததில்லை. மேவிஸ் எங்கேயோ இருக்கிறாள் என்பது தண்ணீர் ஈரமாக இருக்கிறது என்பதைப் போல அவளுக்குத் தெரிந்த விஷயம்.

இன்று சுவரைத் தொட்டுத் திரும்பியதும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேவிஸ் இருந்தாள். மறு சுவரைத் தொட்டாள், திரும்பினாள், பார்த்தாள். இருந்தாள்.

ஒவ்வொரு தடவையும் இருந்தாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டியிருந்தது.